லூல்கந்துர: தேயிலையின் முதல் தோட்டமும் பெயர் பதியப்படாதவர்களும்

கண்டியிலிருந்து கலஹா, தெல்தோட்டை வழியாக ஹேவாஹெட்ட மலைப்பகுதிக்குள் சென்றால் லூல்கந்துர தோட்டத்தை அடையலாம். இலங்கையில் தேயிலை முதன்முதலில் வர்த்தகப் பயிராக நடப்பட்டது இங்குதான். சிங்களத்தில் 'லூலா' என்பது விரால் மீன், 'கந்துர' என்பது நீரோடை.

வரலாறு

1835 இல் ஸ்கொட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் டெய்லர், 1852 இல் இலங்கை வந்து இத்தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது மலைநாடெங்கும் கோப்பிதான் பயிரிடப்பட்டது. 1867 இல் டெய்லர் இங்கு 19 ஏக்கரில் தேயிலையை நட்டார். 1869 இல் கோப்பி இலைகளில் துரு நோய் தென்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் வீழ்ந்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1872 இல் டெய்லர் இங்கு தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை அமைத்தார்.

அடையாளங்கள்

முதல் தேயிலை நடப்பட்டது 7ஆம் இலக்க மலையில். டெய்லர் வாழ்ந்த மரக்குடிலின் புகைபோக்கியும், உயரமான பாறையில் அவர் அமர்ந்ததாகச் சொல்லப்படும் கல்லாசனமும் இன்றும் காட்டப்படுகின்றன. ஹந்தானையில் 1925 இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலையில் இயங்கும் தேயிலை அருங்காட்சியகத்திலும் அவருக்கென ஒரு பகுதி உண்டு.

டெய்லர் 1892 மே 2 அன்று தோட்டத்திலேயே இறந்தார். தொழிலாளர்கள் 24 பேர் முறை மாற்றி அவரது உடலைக் கண்டிவரை சுமந்து வந்ததாக வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. கண்டி மஹியாவ மயானத்தில் உள்ள கல்லறையில் அவரது பெயரும் வயதும் பணியும் பொறிக்கப்பட்டுள்ளன. சுமந்தவர்களுக்கு அந்தக் குறிப்புகளில் எண்ணிக்கை மட்டுமே உண்டு.

நடந்து வந்தவர்கள்

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து 'கண்டிச்சீமை'க்குப் புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காடுகளையும் தம்புள்ளையையும் கடந்து மாத்தளைவரை நடந்தார்கள். கொலராவாலும் காய்ச்சலாலும் பசியாலும் வழியிலேயே பலர் இறந்தனர். அவர்களுக்குக் கல்லறைகள் எழவில்லை. 2023 இல் 'மலையகம் 200' நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அதே திசையில் ஒரு நடைபயணம் இடம்பெற்றது.

காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து பறித்த இம்மக்களின் சந்ததியினரில் பெரும்பாலானோரை 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 1977 வன்முறைக்குப் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் கிளிநொச்சி, வவுனியா, முல்லைத்தீவுப் பகுதிகளில் குடியேறின. முன்னோர் நடந்து கடந்த அதே வன்னியில் காணி திருத்திக் குடியமர்ந்தவர்கள், போரில் மீண்டும் இடம்பெயர்ந்தார்கள். இறுதிப் போரில் உயிரிழந்தவர்களிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

லூல்கந்துரவின் வரலாறு பெரும்பாலும் டெய்லரின் கடிதங்களிலிருந்தும் தோட்ட ஆவணங்களிலிருந்தும் எழுதப்பட்டது. தொழிலாளர் பக்கம் குடும்பங்களின் நினைவில்தான் தங்கியிருக்கிறது: எந்தத் தோட்டம், எந்த லயம், எந்தக் கங்காணியின் கீழ், எந்த ஆண்டு வன்னிக்கு வந்தோம் என்பவை. போரிலும் இடப்பெயர்விலும் பிறப்புச் சான்றிதழையும் படங்களையும் இழந்த வீடுகளில், அந்த விபரங்களைச் சொல்லக்கூடியவர்கள் இப்போது மூத்தவர்கள் மட்டுமே. அவர்கள் இருக்கும்போதே கேட்டு, பெயர்களோடு எழுதி வைக்க வேண்டும்.