கால் பங்கும் அரைப் பங்கும்: நயினாதீவுச் சாசனத்தின் வணிகப் பொருள்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலிலுள்ள முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனத்தைத் தாராள வணிகத்தின் பிரகடனமாகக் காட்டும் மரபொன்று நம் ஆய்வுலகில் வேரூன்றியுள்ளது. சுதந்திர வர்த்தக உடன்படிக்கைகளுக்கு முன்னோடி தேடுவோரும் அதையே எடுத்தாள்கிறார்கள். 1963இல் கா. இந்திரபாலா பதிப்பித்த வாசகத்தைப் பின்பற்றியே எழுதுகிறேன். ஆனால் அதிலிருந்து அந்த முடிவுக்கு வர என்னால் இயலவில்லை.

சாசனம் சொல்வது இது: பிறநாட்டார் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும். அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு. இவ்வளவையும் அழைப்பு என்று கொள்ளலாம். சிக்கல் அடுத்த விதியில் இருக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் கால் பங்கு திறைசேரிக்கு, முக்கால் உடையவனுக்கு. பிற சரக்கேற்றிய கலம் உடைந்தால் சரிபாதி திறைசேரிக்கு. யானை, குதிரைகளில் தனக்குள்ள விருப்பத்தையே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாக அரசன் சொல்கிறான்.

இதை அரசனின் கருணை என்பது வழமை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துக் கலங்களில் ஒன்று உடைகிறது, சரக்கு முழுவதும் மீட்கப்படுகிறது என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டால், நூறு பொன் சரக்குக்குக் குதிரை வணிகன் சராசரியாக இரண்டரைப் பொன்னை இழப்பான். துணி வணிகன் ஐந்து பொன்னை இழப்பான். அரசன் சுங்கத்தைத் தொடாமலே, தனக்கு வேண்டிய சரக்குக்குப் பாதிச் சுமையைக் குறைத்துவிட்டான். ஆழங்குறைந்த, மணல்திட்டுகள் நிறைந்த ஊராத்துறைக் கடலில் அது வெறும் ஏட்டுச் சலுகையன்று. என் மதிப்பில் இது சரக்கு வாரியாக வகுத்த முன்னுரிமைப் பட்டியல்.

இலங்கை யானை ஏற்றுமதி செய்த நாடாயிற்றே, இறக்குமதி ஏன் என்பார்கள். இராமஞ்ஞ நாட்டு (இன்றைய மியன்மார்) மன்னன் யானை வணிகத்தைத் தடுத்து விலையைப் பலமடங்கு உயர்த்தினான் என்றும், அதனால் மூண்ட பகை பராக்கிரமபாகுவின் படையெடுப்பில் முடிந்தது என்றும் சூளவம்சம் சொல்கிறது. வரத்து நெருக்கடியில் சிக்கிய அரசன் கலக்காரரை இழுக்கச் சலுகை காட்டியிருக்கலாம். சாசனத்தின் ஆண்டு தெரியாத நிலையில் இதற்கு மேல் போக நான் விரும்பவில்லை.

தாராளம் என்பதை அளக்க ஒப்பீடு வேண்டும். 1244இல் காகதீய மன்னன் கணபதி தேவன் ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியில் பொறித்த அபய சாசனம், முன்னைய மன்னர்கள் உடைந்த கலத்தின் சரக்கைப் பறித்ததைக் குறிப்பிட்டு, விதித்த தீர்வை தவிர எல்லாவற்றையும் உடையவனுக்கே விடுகிறது. அதனருகே வைத்தால் பராக்கிரமபாகுவின் சரிபாதி கஞ்சத்தனமாகவே தெரியும். நயினாதீவுச் சாசனத்தின் மேற்பகுதி சிதைந்திருப்பதால் சுங்க விகிதங்கள் அங்கே இருந்திருக்கலாம் என்பது நியாயமான ஐயம். ஆனால் எந்த விகிதமும் கால், அரை என்ற வேறுபாட்டை அழித்துவிடாது.

இத்தகைய சலுகைகளின் விளைவை ஆராய்ந்த பொருளியலாளர் ஜேக்கப் வைனர் 1950இல் புது வணிகம் உண்டாவதையும் இருந்த வணிகம் திசைமாறுவதையும் பிரித்துக் காட்டினார். முன்னுரிமைச் சலுகை இரண்டாவதைச் செய்யக்கூடும். 1998 டிசம்பர் 28இல் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இலங்கை–இந்திய சுதந்திர வர்த்தக உடன்படிக்கையைப் பாருங்கள். இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோகிராம் ஒதுக்கீடு. தொடக்கத்தில் அதுவும் குறித்த சில இந்தியத் துறைமுகங்கள் வழியே மட்டும். தீர்வை வேறுபாட்டைப் பயன்படுத்த வனஸ்பதியும் செம்பும் இலங்கை வழியே இந்தியாவுக்குப் பாய்ந்தன. இந்தியா கட்டுப்படுத்தியதும் வற்றின. பெயரில் சுதந்திரம் இருந்தாலும், எந்தச் சரக்கு எந்தத் துறையால் எவ்வளவு என்பதே உள்ளடக்கம். ஊராத்துறை ஏற்பாடும் இந்த இனத்தைச் சேர்ந்ததே.

இந்த ஏற்பாட்டால் பயன் பெற்றவர் யார் என்பதை உள்ளூர் வரலாற்றாசிரியர் தவறாமல் கேட்க வேண்டும். இன்று வாசிக்கக் கிடைக்கும் வரிகளில் பங்கு பெறுவோர் இருவரே: திறைசேரியும் கலத்துக்கு உடையவனும். தீவகத்தாருக்குக் கால் பங்கும் இல்லை, அரைப் பங்கும் இல்லை.