ஆசியாட் தொழிலாளர் வழக்கு

தில்லியில் 1982 நவம்பர் 19 அன்று தொடங்கிய ஒன்பதாம் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானப் பணிகளில் நடந்த உழைப்புச் சுரண்டல் குறித்த உச்ச நீதிமன்ற வழக்கு. மனுதாரர், மக்கள் ஜனநாயக உரிமைகளுக்கான ஒன்றியம் (பி.யு.டி.ஆர்.).

இவ்வமைப்பு மூன்று சமூக அறிவியலாளர்களைப் பணியிடங்களுக்கு அனுப்பி விசாரித்து, கண்டதை நீதிபதி பி.என். பகவதிக்குக் கடிதமாக எழுதியது. கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. வெளிமாநிலங்களிலிருந்து ஆள் திரட்டி வந்த ஜமேதார்கள், நாட்கூலி 9.25 ரூபாயில் தலைக்கு ஒரு ரூபாயைத் தரகாகப் பிடித்துக்கொண்டனர். சிறுவர்களும் வேலை செய்தனர்.

பாதிக்கப்படாத அமைப்பு வழக்குத் தொடரலாமா என்று அரசுத் தரப்பு கேட்டது. எழுத்தறியாத கூலியாட்கள் தாங்களே நீதிமன்றப் படியேற வேண்டும் என்பதுதான் அதன் உட்பொருள்! 1982 செப்டம்பர் 18இல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. ஏழைகளுக்காகப் பிறர் வழக்காடலாம் என்றது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு. பசியின் நெருக்கடியும் கட்டாயமே என்றும் விளக்கியது. பொதுநல வழக்கின் அடித்தளங்களுள் ஒன்றாக இத்தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

2010 காமன்வெல்த் போட்டிக்கான கட்டுமானத் தொழிலாளர்களுக்காக அதே அமைப்பு மீண்டும் நீதிமன்றம் சென்றது. தில்லி உயர் நீதிமன்றம் அமைத்த குழுவுக்கு முன்னாள் தூதர் அருந்ததி கோஷ் தலைமை வகித்தார்.

தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுப்போருக்குக் கத்தாரில் நிலைமை வேறு. அங்கு நடந்த கால்பந்து உலகக் கோப்பைக்கு முந்தைய ஆண்டான 2021இல், தொழிலாளர் வாழ்க்கையைப் புனைபெயரில் எழுதிவந்த கென்யக் காவலாளி மால்கம் பிடாலி தனிச்சிறையில் அடைக்கப்பட்டார். பின்னர் 25,000 ரியால் அபராதமும் விதிக்கப்பட்டது.