மணப்பதிவேட்டில் மறைந்த பிறந்தகப் பெயர்: கேத்தரின் யேலை முன்வைத்து

முன்னுரை

குடும்ப வரலாற்றை ஆராய்வோர் பெண்வழியைத் தேடுமிடத்து இடர்ப்படுகின்றனர். ஆங்கிலேயர் வழக்கில் பெண் மணத்திற்குப் பின் கணவரின் குடும்பப் பெயரை ஏற்றாள். கைம்பெண் மறுமணம் புரிந்தால் பிறந்தகப் பெயர் இருமுறை மறைந்தது. அமெரிக்கக் குடியேற்றங்களில் காணப்படும் இச்சிக்கல் சென்னையிலும் உண்டு என்பதைக் கேத்தரின் யேலின் வரலாறு காட்டுகிறது.

பதிவேடு தரும் செய்தி

எலிஹு யேல் 1649இல் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். 1672இல் சென்னைக்கு வந்தவர். 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். கோட்டையிலுள்ள புனித மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28 அன்று அருட்பொழிவு பெற்றது. ஒரு வாரத்திற்குப் பின், நவம்பர் 4 அன்று, அங்கு நிகழ்ந்த முதல் திருமணம் யேலுடையது. மணமகள் கேத்தரின் ஹின்மர்ஸ். அவர் அவ்வாண்டில் மறைந்த கும்பினி அலுவலர் ஜோசப் ஹின்மர்ஸின் கைம்பெண் ஆவார்.

ஆகவே ‘ஹின்மர்ஸ்’ என்பது தந்தைவழிப் பெயரன்று, முதற்கணவரின் பெயரே. பதிவேட்டை மட்டும் நோக்குவோர் அதனைப் பிறந்தகப் பெயராகக் கொண்டால், பெண்ணின் முன்னோராகத் தொடர்பற்ற குடும்பம் ஒன்று இடம்பெற்றுவிடும். ஆய்வாளர் அவரது பிறந்தகப் பெயர் ‘எல்ஃபர்டு’ என்பர். அப்பெயரை அடைய முதல் திருமணத்திற்குச் செல்ல வேண்டும். 1680இல் தொடங்கும் இத்தேவாலயப் பதிவேட்டில் அது இராது.

கல்லறைச் சான்று

கேத்தரினின் மகன் டேவிட் யேல் 1688இல் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். ஜோசப் ஹின்மர்ஸுக்கும் அவனுக்கும் உரிய கல்லறைச் சின்னம் இன்று உயர் நீதிமன்றப் பகுதியில் உள்ளது. இரு வேறு குடும்பப் பெயர்களை அங்கு இணைப்பவர் கேத்தரினே. 1758-59 பிரெஞ்சு முற்றுகையில் பழைய இடுகாட்டின் கல்லறைகள் பகைவருக்கு மறைவிடமாயின. பின்னர் அவை அகற்றப்பட்டன; கற்கள் பல தேவாலய வளாகத்தில் பதிக்கப்பட்டன. எஞ்சிய சான்று என்ற வகையில் இச்சின்னம் இன்றியமையாதது.

ஒப்பீடு

ஆங்கிலச் சட்டத்தில் மணமான பெண்ணின் சட்ட உரிமை கணவருடையதில் அடங்கியது. எனவே ஆவணங்களில் அவள் பெயர் தனித்து வருதல் அரிது. கைம்பெண்ணுக்கு அவ்வுரிமை மீண்டது. ஆதலின் கைம்பெண்களின் உயில்களும், மணமான மகளைக் குறிக்கும் தந்தையரின் உயில்களும் ஆய்வாளருக்குச் சிறந்த சான்றுகளாகின்றன.

தமிழகக் கல்வெட்டுகளில் இதற்கு மாறான நிலை உண்டு. கண்டராதித்த சோழரின் தேவி மழவரையர் மகளாகக் குறிக்கப்படுகிறார், பிறந்தகம் தெளிவு. ஆயின் ‘செம்பியன் மாதேவி’ என்பது சோழர் பெருந்தேவி எனப் பொருள்படும் சிறப்புப் பெயர். அங்குக் குலம் நிற்க, இயற்பெயர் மறைகிறது. இங்கு இயற்பெயர் நிற்க, குலம் மறைகிறது.

முடிவுரை

1718இல் யேல் அனுப்பிய பொருள்களாலும் நூல்களாலும் கனெக்டிகட் கல்லூரி ஒன்று அவர் பெயர் பெற்றது. அவர் மனைவியின் பிறந்தகப் பெயரோ ஆவணங்களைப் பின்னோக்கித் தொடர்ந்தே அறியப்பட வேண்டியதாயிற்று. பெண்ணொருத்தியின் பெயரை ஏட்டில் கண்டவுடன், அது தந்தை வழியதா, முன்னைக் கணவர் வழியதா என வினவுதல் ஆய்வின் முதற்கடமை எனலாம்.