வெளிநாட்டு காரோடு கோவைக்குத் திரும்புறீங்களா? கப்பல் ஏத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கொங்கு மண்ணுக்கு ஃபாரின் வண்டி மேல இருக்கிற காதல் ரொம்பப் பழசு. கலங்கல் கிராமத்து இளைஞர் ஜி.டி.நாயுடு, வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் பைக்கைப் பார்த்து மயங்கி, கோவை ஹோட்டலில் வேலை செஞ்சு காசு சேர்த்து அதை வாங்கினார். இன்னிக்கு வெளிநாட்டு வேலையை முடிச்சுட்டு ஊர் திரும்புறவங்களுக்கும் அதே ஆசை வருது. 'நம்ம காரையும் கையோட கொண்டு போயிட்டா என்ன?'

கொண்டு வரலாம். ஆனா, ரூல்ஸ் கொஞ்சம் கறார்!

எந்த காருக்கு அனுமதி?

தயாரிச்ச தேதியில இருந்து 3 வருஷத்துக்கு மேல ஆன பழைய காருக்கு அனுமதி இல்லை. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்கணும். அதனால துபாய், அமெரிக்காவுல ஓடுற இடது பக்க ஸ்டீயரிங் கார்கள் இங்கேயே அவுட். சிங்கப்பூர், ஆஸ்திரேலியா, பிரிட்டன் கார்களுக்கு வாய்ப்பு இருக்கு. ஆனா, ஸ்பீடோமீட்டர் கிலோமீட்டர்ல காட்டணும். பிரிட்டன் கார்கள்ல மைல் கணக்குதான், கவனம்!

எங்கே இறக்கணும்?

பாலக்காட்டைத் தாண்டினா கொச்சித் துறைமுகம். பக்கம்தானேன்னு அங்கே இறக்க முடியாது. பழைய வாகனங்களுக்கு மும்பை வழியாத்தான் அனுமதி. அங்கிருந்து கோவை வரைக்கும் லாரிச் செலவு உங்களோடது.

வரி எவ்வளவு?

ஊர் திரும்புறவங்க கொண்டு வர்ற ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினுக்குச் சலுகை உண்டு. காருக்குக் கிடையாது. நீங்க செகண்ட் ஹேண்ட்ல வாங்கின விலையையும் சுங்கத்துறை அப்படியே ஏத்துக்காது. புதுசா இருந்தப்போ இருந்த விலையில தேய்மானத்தைக் கழிச்சு, கப்பல் கூலி, இன்சூரன்ஸைச் சேர்த்து மதிப்பு போடுவாங்க. அந்த மதிப்பு 10 லட்சம்னா, சுங்க வரி மட்டுமே 10 லட்சத்தைத் தாண்டிடும். அதுக்கு மேல ஜி.எஸ்.டி. அப்புறம் ஆர்.டி.ஓ ஆபீஸ்ல ரிஜிஸ்ட்ரேஷன், தமிழ்நாட்டு சாலை வரி.

வந்த பிறகு?

டி.என். 37, 38, 66... எந்த நம்பர் வாங்கினாலும், சுங்க வரி கட்டின ரசீதும் இறக்குமதி ஆவணங்களும் கையில இருக்கணும். நம்ம ஊர்ல விற்காத மாடலா இருந்தா, ஒரு ஹெட்லைட் உடைஞ்சாக்கூட ஸ்பேர் பார்ட்ஸுக்கு வெளிநாட்டைப் பார்த்துட்டு உட்காரணும்.

சும்மா சுத்திப் பார்க்க மட்டுமா?

வெளிநாட்டுல பதிவான காரை டூருக்குக் கொண்டு வந்து திரும்ப எடுத்துட்டுப் போறதா இருந்தா, 'கார்னே'ங்கிற பாஸ் உண்டு. வண்டிகளுக்கான பாஸ்போர்ட் மாதிரி. வரி கட்ட வேண்டாம். ஆனா, சொன்ன தேதிக்குள்ள வண்டி நாட்டை விட்டு வெளியே போயிடணும்.

என்ன செய்யலாம்?

முதல்ல, அந்த காரை அங்கேயே வித்தா என்ன கிடைக்கும்னு விசாரிங்க. அடுத்து வரி, கப்பல், லாரி, ரிஜிஸ்ட்ரேஷன் செலவை ஒரு பேப்பர்ல கூட்டிப் பாருங்க. ரெண்டையும் சேர்த்தா வர்ற தொகைக்கு அவிநாசி ரோடு ஷோரூம்கள்ல என்ன கார் கிடைக்கும்னு கேளுங்க. பல பேருக்கு வாரன்ட்டியோட புது காரே கிடைச்சிடும். அதையும் மீறி அந்த வண்டிதான் வேணும்னா, ரூல்ஸ் அடிக்கடி மாறும்ங்கிறதால மும்பையில இருக்கிற சுங்க ஏஜென்ட்கிட்ட எழுத்துல கணக்கு வாங்குங்க. அதுக்கப்புறம் கப்பலுக்கு புக் பண்ணுங்க.