வெபி ஊர்க் கரேன் மக்கள்

மாயாபந்தரில் குடியேறிய நம்மிற் பலர், வெபி முதலிய ஊர்களில் வாழும் கரேன் மக்களைப் ‘பர்மாக்காரர்’ என்றே அழைத்து வருகிறோம். வடநாட்டார் நம் அனைவரையும் ‘மதராசி’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்களே, அத்தகைய பிழைதான் இதுவும். அவர்கள் பர்மாவிலிருந்து வந்தோர் என்பது மெய். ஆயின் பர்மியர் அல்லர். மொழியாலும் மரபாலும் வேறோர் இனத்தார். இங்குள்ளோர் பெரும்பாலும் ‘ஸ்கா’ என்னும் கரேன் பிரிவினர்.

இவர்கள் இங்கு வந்த வரலாறு சுவையானது. 1920க்குப் பின் அந்தமானுக்குக் கைதிகளின் வரவு குறையத் தொடங்கியது. வனத்துறைக்கோ காடு வெட்ட ஆள் வேண்டியிருந்தது. பர்மாவில் இன்சீன் நகரிலிருந்த கரேன் இறையியற் பள்ளியின் தலைவர் மார்ஷல் என்னும் அமெரிக்கப் பாதிரியார் இச்செய்தியைப் பரப்பினார். லூஜி என்னும் போதகரை முன்னிட்டுச் சில குடும்பங்கள் 1925ஆம் ஆண்டு கப்பலேறின. பின்னர் வேறு சிலவும் வந்து சேர்ந்தன. காடு திருத்தி எழுப்பிய ஊருக்கு அவர்கள் இட்ட பெயரே வெபி. ‘மறைந்த நகர்’ என்பது அதன் பொருளாம்.

அவர்கள் விட்டு வந்த ஐராவதிக் கழிமுகம் நமக்கும் அயலன்று. அந்நெல்வயல்களுக்குக் கடன் கொடுத்தோர் நம் செட்டிநாட்டார். அவ்வயல்களில் இறங்கி உழைத்தோருள் நம் தொழிலாளரும் உண்டு. 1962க்குப் பின் பர்மாவைத் துறந்து வந்த தமிழ்க் குடும்பங்களுள் சில இத்தீவுகளிலேயே குடியமர்ந்தன. ஓர் ஆற்றங்கரையை இழந்த இருசாராரும் இன்று ஒரே சந்தையில் சந்திக்கிறோம்!

கரேனியரிடையே சாதி இல்லை. சாதியெண்ணத்தை மூட்டையோடு கப்பலேற்றி வந்த நாம் இதனைச் சற்று நின்று நோக்குதல் நன்று. குடும்பப் பெயரும் அவர்களிடம் இல்லை. ஆண்மகன் பெயருக்கு முன் ‘ஸோ’ என்பதும், பெண்மகள் பெயருக்கு முன் ‘நோ’ என்பதும் அடையாய் நிற்கும். தந்தையின் பெயர் பிள்ளையைத் தொடர்வதில்லை. நமக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தேனும் உண்டு. அவர்களுக்கு அதுவும் இல்லை. தாய்வழி, தந்தைவழி இரண்டையும் ஒப்பவே உறவாகக் கொள்வர். மணம் முடிந்தபின் மணமகன் பெண் வீட்டில் சென்று தங்குதல் பழைய வழக்கம்.

இச்சமூகத்தைக் கட்டிக் காப்பது கோயிலே, அதாவது பாப்டிஸ்ட் திருச்சபை. கரேனியருள் முதல்வராகக் கோ தா பியூ என்பவர் 1828இல் திருமுழுக்குப் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் வேட் என்னும் பாதிரியார் பர்மிய எழுத்தைத் தழுவிக் கரேன் மொழிக்கு வரிவடிவம் அமைத்தார். சமயமும் எழுத்தும் ஏறக்குறைய ஒருசேர வந்தமையால், போதகரையும் ஆசிரியரையும் ‘தரா’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றனர். நம் பழஞ்சொல்லாகிய ‘குரு’ எங்கள் நினைவுக்கு வருகிறது. தாய்மொழியை எழுதப் படிக்கக் கற்பிக்கும் இடமும் பெரும்பாலும் அக்கோயிலே. கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் அவர்தம் இளைஞர் நாவில் இந்தி வழங்குகிறது. நம் பிள்ளைகள் நிலையும் அதுவேயன்றோ?

ஏறத்தாழ 2,000 பேரே கொண்ட இச்சிறு சமூகத்துக்கு நெடுநாளாக ஒரு வழக்குண்டு. இத்தீவுகளின் பட்டியற் பழங்குடியினர் அந்தமானியர், ஜாரவர், ஓங்கியர், சென்டினலியர், ஷோம்பென், நிக்கோபாரியர் என்போர். அனைவரும் இம்மண்ணின் தொல்குடிகள். கரேனியர் வந்தேறிகள் என்பதால் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. 1942இல் ஜப்பானியர் வருமுன் குடியேறியோர் என்ற முறையில், மாப்பிள்ளைமார், பாந்துக்கள் முதலியோருடன் பிற்பட்ட வகுப்பினராக வைக்கப் பெற்றனர். சாதியே அறியாத மக்கள் வகுப்புப் பெயரால் அறியப்படலாயினர். ‘எங்களைப் பழங்குடியாக ஏற்றுக்கொள்க’ என்பது அவர்தம் கோரிக்கை. தொல்குடிகளுக்கென உள்ள காப்பு நீர்த்துவிடலாகாது என்னும் மறுப்பையும் நாங்கள் எளிதில் தள்ளிவிட மாட்டோம். எனினும் நூறாண்டுக்கு முன் அரசே ஆள் வேண்டி அழைத்துவந்த மக்கள் அவர்கள். இங்கேயே பிறந்து இங்கேயே மடிந்த தலைமுறைகள் அவர்களுக்கு உண்டு. மாயாபந்தரை அன்றி வேறு எவ்வூரைத் தம் ஊர் என்று அவர்கள் படிவத்தில் எழுதுவது?