துப்பாக்கிகள் நாற்காலியான கதை

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு விந்தையான நாற்காலி உண்டு. அதன் கால், கை, முதுகு எல்லாமே துப்பாக்கிகள்! ஆப்பிரிக்காவின் மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். போர் ஓய்ந்தது, ஆயுதங்களோ மக்களிடமே தங்கிவிட்டன. 1995-இல் கிறித்தவச் சபைகள் ஒரு வழி கண்டன. துப்பாக்கியைக் கொடுத்தால் தையல் எந்திரமோ மிதிவண்டியோ கிடைக்கும்! சேர்ந்தவற்றை அறுத்துப் பயனற்றவையாக்கிக் கலைஞர்களிடம் தந்தனர். அத்துண்டுகளைப் பற்றவைத்து 2001-இல் இந்நாற்காலியைச் செய்தவர் கிறிஸ்டோவாவ் கன்ஹவாட்டோ. முதுகுப்புறத்தில் இருப்பவை நாட்டை முன்பு ஆண்ட போர்ச்சுகலின் துப்பாக்கிகள். மற்றவை சோவியத் நாடு, போலந்து, செக்கோஸ்லோவாகியா, வட கொரியா ஆகியவற்றில் செய்தவை. மொசாம்பிக்கில் செய்தது ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். முதுகின் உச்சியிலுள்ள அடிக்கட்டையில் இரு திருகுத் துளைகள் கண்களாகவும், தோள்வார் மாட்டும் பிளவு வாயாகவும் அமைந்து, சிரிக்கும் முகம் போல் தோன்றுகின்றன. அம்முகம் கலைஞர் செதுக்கியதன்று; துப்பாக்கியிலேயே இருந்தது.