ஆளுக்கொரு வெள்ளியும் அகவை கடந்த மாணவரும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டம் 1929இல் ரசல் என்னும் ஆங்கிலேயரால் தொடங்கப்பட்டது. காடு திருத்திய அச்சரிவுகளில் கன்று நட்டுக் கொழுந்து கிள்ளிய கைகளுள் தமிழர் கைகளே மிகுதி.

அத்தகைய தோட்டங்களில் கல்வி எங்கே நின்றது என்பதை மலையகத்தார் நன்கறிவர். பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி வைத்தல் வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளி வந்தது, தொடக்கக் கல்வியோடு முடிந்தது. அதன்பின் கூடையைச் சுமந்த பெண்ணுக்குப் பல்கலைக்கழகம் என்பது பெரட்டுக் களத்தில் எவரும் சொல்லக் கேளாத சொல்.

ஆயினும் மலாயாத் தோட்டத் தொழிலாளர் ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடை வழங்கியதுண்டு. 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, முதலிடம் வடமொழிக்கா தமிழுக்கா என்னும் வழக்கு மூண்டது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடியதோடு 'தமிழ் எங்கள் உயிர்' நிதியையும் தொடங்கி, ஆளுக்கொரு வெள்ளி கேட்டார். பால்மரம் சீவியோரும் கொடுத்தனர். தாம் அப்படிகளில் ஏறப்போவதில்லை என்று தெரிந்தே கொடுத்தனர் என்பதுதான் நெஞ்சைத் தொடுகிறது. துறை 1956இல் தொடங்கியது. தமிழ் அதில் இடம்பெற்றது. நிதியோ தமிழ் நூலகத்துக்குப் பயன்பட்டது.

பின்னர்க் கோலாலம்பூருக்கு வந்த அத்துறைக்கு 1961இல் தலைமையேற்றவர் தனிநாயகம் அடிகள். அவரே அகவை கடந்து மாணவரானவர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1913இல் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் பிறந்தவர். ரோமாபுரியில் இறையியல் பயின்று முனைவர் பட்டம் பெற்றவர். மேலை மொழிகள் பல அறிந்தவர். நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தபோதுதான் தம் தாய்மொழியில் தமக்குள்ள குறையை உணர்ந்து, பண்டிதரிடம் பாடங்கேட்கலானார். அதுவும் போதாதென்று 1945இல், முப்பத்திரண்டாம் வயதில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலச் சேர்ந்தார். முனைவர் பட்டத்தைப் பெட்டியில் வைத்துவிட்டுத் தம்மினும் இளையாரோடு வகுப்பில் அமர்வது எளிதன்று. நம்மில் எத்தனை பேருக்கு மனம் வரும்?

சங்கப் பாடல்களில் இயற்கை என்பதை ஆய்ந்து அங்கே பெற்ற பட்டத்தைவிட, தெ.பொ. மீனாட்சிசுந்தரனார் போன்றோருடன் வாய்த்த உறவே பெரும்பேறு என்பது என் கருத்து. தனித்துக் கற்ற தமிழ் அங்கே கூடிக் கற்கும் தமிழாயிற்று. அந்தக் கூட்டத்தை விரிப்பதே அவர்தம் பிற்கால வேலையாயிற்று எனலாம். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். நாற்பதைக் கடந்தபின் மறுபடியும் மாணவராகி, இலண்டனில் பண்டைத் தமிழர் கல்வியை ஆய்ந்தார். 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். பிரெஞ்சு அறிஞர் பிலியோசா அதன் தலைவரானார். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரிலேயே கூடியது. தொழிலாளர் வெள்ளி சென்று சேர்ந்த அதே பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் அதைக் கூட்டினார்.

இன்று கேமரன் மலையில் கொழுந்தெடுப்போருள் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் உளர். பழைய தோட்டத்தார் பிள்ளைகள் பலர் நகரங்களுக்கு இறங்கிவிட்டனர். படிப்பை இடையில் விட்டோருக்கு 2000இல் தோன்றிய மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஒரு வழி. தொழில் அனுபவத்தைத் தகுதியாகக் கொண்டு சேர்க்கும் முறையும் வந்துள்ளது. நாற்பது வயதில் அவ்வழி செல்வோர் வேலை முடிந்து, பெரும்பாலும் வீட்டில் தனித்திருந்தே படிக்கின்றனர். அடிகளுக்குச் சிதம்பரத்தில் வாய்த்த கூட்டம் அவர்களுக்கும் வாய்க்க, நம் ஊர்த் தமிழ்ப்பள்ளிகளின் கதவை மாலையில் திறந்துவைத்தால் என்ன?